செந்தூர்பாண்டி வீட்டு வராந்தாவில் கடல்

எங்கள் தெருவில் யாருமே அரசாங்கத்திடம் அனுமதி கேட்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. செந்தூர்பாண்டி அண்ணாச்சி கேட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளத்தைத் தாண்டி வரும் காற்று முதலில் மோதுகிற தெரு எங்களுடையது. இங்கே வீடு கட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. பொங்கலுக்கு ஆபீஸ்கள் மூடுகிற அன்று சாயங்காலம் ஜல்லி வந்து இறங்கும். அதிகாரிகள் சொந்த ஊருக்குப் போய்க் கரும்பு தின்று திரும்புவதற்குள் மாடி எழும்பி, ஜன்னலில் திரைச்சீலைகூடத் தொங்கும். என் வீட்டுத் தகர மாடியறை ஒரு தீபாவளிக்கு வந்தது. எதிர்ச்சாரியில் இரும்புக்கடை மகாராஜன் மூன்று பொங்கலுக்கு மூன்று மாடி எழுப்பினார். நாலாவது பொங்கலுக்கு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் மொட்டைமாடி தப்பித்தது.

மகாராஜனுக்குப் பக்கத்து வீடு செந்தூர்பாண்டி அண்ணாச்சியுடையது. துறைமுகத்தில் கேட் பாஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாஸ் இல்லாமல் உள்ளே நுழையப் பார்த்த பெரிய அதிகாரி ஒருவரையே வெயிலில் நிறுத்திவைத்தார் என்று அவர் மனைவி செண்பகம் மைனி சொல்வாள். சில நாள் பெருமையாகச் சொல்வாள், சில நாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள். கோயிலில் திருநீற்றுத் தட்டை நேரே நீட்டினால்கூட அண்ணாச்சி பூசாரியின் முகத்தைப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகுதான் கையை நீட்டுவார். அப்படி ஒரு பிறவி.

நான் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பவள் அல்ல. கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க அடிக்கடி மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வராந்தா முழுதும் தெரியும். மைனி அங்கேதான் தையல் மெஷின் போட்டிருந்தாள். உள்ளே ஒரே அறை, பகலிலும் விளக்கு வேண்டும், காற்று எட்டிப் பார்க்காது. வராந்தாவில் கடற்காற்று பிய்த்துக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதங்களில் தெருவிலுள்ள பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவள் தைத்த சீருடைதான். காலால் மிதித்துக்கொண்டே போவோர் வருவோரிடம் பேச்சுக் கொடுப்பாள். மெஷின் சத்தம் நின்றால் தெருவுக்கே ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

போன ஆனி மாதம் மைனிக்கு டெங்கு வந்தது. பிழைத்து எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டு, “முதல் தடவை தப்பிச்சிட்டாங்க. இன்னொரு தடவை வந்தா ஆபத்து. கொசு கடிக்காம பார்த்துக்கோங்க, அதுவும் பகல் கொசு” என்றார்.

வராந்தாவைச் சுற்றி அலுமினியச் சட்டம் அடித்துக் கொசுவலை போட்டுவிட வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. அரை நாள் வேலை. மகாராஜன் கடையிலேயே சட்டம் இருந்தது.

“சுதந்திர தினத்துக்கு லீவு வருது வேய். ஆளு நான் அனுப்புதேன். காலம்பற கொடி ஏத்தி முடிக்குமுன்னே இங்கன வலை ஏறிரும்” என்றார் மகாராஜன்.

“ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருவோம்” என்றார் அண்ணாச்சி.

“யாருகிட்ட? கொசுகிட்டயா?”

“கடலோரத்துல இருக்கோம். அதுக்குன்னு ஆபீஸ் வச்சிருக்காவ. கேக்குறது ஒரு மருவாதிதான?”

மகாராஜன் மைனியைப் பார்த்தார். மைனி மெஷினைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன்.

ஆபீசின் பெயர் கடலோரக் குடியிருப்பு ஒழுங்கமைப்பு ஆணையம். பெயர்ப்பலகையை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் டவுன் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தோம். வந்தோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அண்டைவீட்டார் ஒருவர் நேரில் வந்து ‘ஆட்சேபம் இல்லை’ என்று வாயால் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. மகாராஜன் வர மறுத்துவிட்டார். “நான் அந்த வாசல மிதிச்சா என் வீடு அவுகளுக்கு ஞாபகம் வந்துரும்” என்றார். எனக்கும் தகர அறை பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஆபீஸ் மொத்தமும் எழுந்து சுவரைப் பார்த்துக் கைகட்டி நின்றிருந்தது. யாரோ பெரியவர் இறந்துவிட்டார் போலும் என்று நாங்களும் நின்றோம். பிறகுதான் தெரிந்தது, அது ‘கடல் வணக்கம்’. தினமும் தேநீருக்கு முன்னால் கடல் இருக்கும் திசை நோக்கி மௌனமாக நிற்க வேண்டும். கடல் இருக்கும் திசையில் ஒரு சரக்குக் கிட்டங்கி எழும்பி மறைத்துவிட்டதால் சுவரில் கடற்படம் மாட்டியிருந்தார்கள். படத்தில் கடலுக்குப் பின்னால் பனிமலை இருந்தது.

ஒழுங்கமைப்பு அலுவலர் சிவசுப்பிரமணியன், நாற்காலியில் பூத்துவாலை விரித்து உட்கார்ந்திருந்தார். கையில் கொசு அடிக்கிற மின்சார மட்டை. பேச்சுக்கு நடுவே அதை வீசுவார், ‘பட்’டென்று பொறி பறக்கும். பேச்சு நிற்காது.

“என்ன கட்டப் போறீங்க?”

“கட்டலை சார். வராந்தாவுக்கு வலை மட்டும்.”

“அதுல காத்து நுழையுமா?”

“நல்லா நுழையும் சார்.”

“அப்போ அது சுவர் இல்ல.”

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தியா, கேட்டால் எவ்வளவு லேசாக முடிகிறது என்பதுபோல.

“கொசு நுழையுமா?”

“நுழையாது சார். அதுக்குத்தான...”

“அப்போ அது சுவர்.” பட். “பாருங்க, காத்துக்குத் திறப்பு, கொசுவுக்குச் சுவர். ஒரே பொருள் ஆளுக்கு ஒரு முகம் காட்டுது. இதை நான் அனுமதிச்சா நாளைக்கு ஆளாளுக்கு இதே மாதிரி ரெட்டை வேஷம் போடுற பொருளைத் தூக்கிட்டு வந்து நிப்பான். எனக்குக் கொசு மேல தனிப்பட்ட விரோதம் கிடையாது.” பட். “ஆனா விதி முன்னாடி கொசுவும் காத்தும் ஒண்ணுதான்.”

கணினி முன்னால் இருந்த உதவியாளர் இந்துமதி தலையைத் தூக்கினாள். “சார், இவங்க வீடு கடல்ல இருக்கு.”

“கடலோரத்திலயா?”

“இல்ல சார், கடல்ல. நம்ம வரைபடத்துல அந்தத் தெரு முழுக்கத் தண்ணி.”

அண்ணாச்சி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். புழுதி படிந்து காய்ந்துதான் இருந்தது.

“எங்க தெருவுல குடிக்கவே தண்ணி வராது சார்” என்றேன் நான்.

“நீங்க ஆட்சேபம் இல்லைன்னு மட்டும்தான் சொல்லலாம்” என்றார் அலுவலர். அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “கடலுக்குள்ள ஒருத்தர் வலை போடுறார். அது என்ன வலை?”

அண்ணாச்சி பரீட்சையில் நிற்கும் பையனைப் போல விழிக்க, அலுவலரே பதிலும் சொன்னார்.

“மீன்வலை. கண்ணோட அளவு என்ன?”

“கொசு போகாத அளவு, சார்.”

அலுவலர் மட்டையைக் கீழே வைத்துவிட்டார். “அம்புட்டுப் பொடிக் கண்ணா! மீன்குஞ்சையெல்லாம் வாரிரும். விசைப்படகுக்காரனே அந்த வலை போட்டா நாங்க விடுறதில்ல. நீங்க ஓய்வு பெற்ற மனுஷன், குஞ்சு மீனைப் போய்...”

“சார், என் வீட்டு வாசலுக்கு மீன் வராது சார்.”

“வராதுன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா? மீனைக் கேட்டீங்களா?”

கேட்டுவிட்டுச் செய்வதில் நம்பிக்கையுள்ள அண்ணாச்சிக்கு இந்தக் கேள்வி உள்ளபடியே உறைத்தது. கேட்கவில்லையே என்ற குற்றவுணர்ச்சியை அவர் முகத்தில் நான் கண்ணால் பார்த்தேன்.

அலுவலருக்கு இரக்கம் வந்தது. “கொற்கைக்குப் போயிருக்கீங்களா? பாண்டியன் காலத்துல துறைமுகம். முத்து அங்கதான் வந்து இறங்குச்சு. இப்போ போய்ப் பாருங்க, வாழையும் நெல்லும். கடல் தானா ஒதுங்கிப் போயிருச்சு. உங்க வீட்டை விட்டும் ஒருநாள் ஒதுங்கும். அப்போ நீங்க எங்ககிட்ட வரவே வேண்டாம், இஷ்டத்துக்கு வலை போட்டுக்கலாம்.”

“ஒதுங்கித்தான சார் கெடக்கு?”

“அதை நீங்க சொல்லக் கூடாது. கடல் சொல்லணும். கடல் சார்பா நாங்க சொல்லணும். கொஞ்ச காலம் ஆகும். கொற்கைக்காரங்க அவசரப்பட்டாங்களா?”

நேரில் ஆய்வு செய்யக் குழு வரும் என்று சொல்லி அனுப்பினார். அதுவரை வலை போடக் கூடாது. என்னிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்க மறந்துவிட்டார்கள். நானாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை தெருவே சிரித்தது. மகாராஜன் மூன்றாவது மாடியிலிருந்து, “அண்ணாச்சி, உம்ம வீட்டுல நெத்திலி கெடைக்குமா?” என்று சத்தம் கொடுத்தார். மைனி மட்டும் சிரிக்கவில்லை. முழங்கை வரை வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். துணியில் எண்ணெய் படாமல் இருக்க இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துத் தைப்பது பார்க்க வேடிக்கையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

“ஏங்க, சுதந்திர தினம்தான் போச்சு. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு லீவு இருக்குல்லா?” என்றாள்.

“குழு வாரேன்னு சொல்லியிருக்காவல்லா. வாரவங்களுக்கு முன்னாடி நாம முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

பிள்ளையார் சதுர்த்தியும் போனது. சரஸ்வதி பூஜையும் போனது. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு குளியலறையும் ஒரு மாடிப்படியும் முளைத்தன. அதற்கப்புறம் குழு வந்தது.

படகில் வந்தது.

நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். கடல் என்று குறித்த இடத்தை நீர்வழியாகத்தான் ஆய்வு செய்ய வேண்டுமாம். ஆகவே ஒரு பைபர் படகை மினி லாரியில் ஏற்றி, அதற்குள் அலுவலரும் இந்துமதியும் வலை நிபுணர் பாண்டித்துரை என்பவரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லாரி அண்ணாச்சி வீட்டு முன்னால் நின்றது. வெயில் தாங்காமல் டிரைவர் வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து மகாராஜனின் மூன்று மாடி நிழலில் நிறுத்தினார்.

“இறங்கி வாங்க சார், காப்பி குடிக்கலாம்” என்றார் அண்ணாச்சி.

“இறங்கக் கூடாது. பாதுகாப்பு விதி” என்றார் பாண்டித்துரை. மைனி காப்பியை ஒரு தட்டில் வைத்து எக்கி எக்கிக் கொடுத்தாள்.

இந்துமதி கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைப் படகிலிருந்து இறக்கினாள். அது லாரி டயருக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

“ஆழம்?” என்று கேட்டார் அலுவலர்.

“தற்சமயம் இல்லை சார்.”

“தற்சமயம்கிறதைச் சேர்த்துக்கோ.”

அண்ணாச்சிக்கு அன்று எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வாயைத் திறந்தார். “சார், நான் கோள் சொல்லுதேன்னு நெனைக்கக் கூடாது. பக்கத்துல மூணு மாடி நிக்கி. அதுக்கு இந்தச் சட்டமெல்லாம்...”

மகாராஜன் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அலுவலர் திரும்பிப் பார்த்தார். அடியிலிருந்து உச்சி வரை நிதானமாகப் பார்த்தார். நிழலில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அங்க என்ன இருக்கு? வரைபடத்துல தண்ணிதான் இருக்கு. அங்க வீடு இருக்குன்னு யாரும் எங்ககிட்ட வந்து சொல்லல. சொல்லாத வீட்டை நாங்களா போய்ப் பார்த்தா அது அத்துமீறல். உங்க வீடு மட்டும்தான் இந்தக் கடல்ல இருக்கு. ஏன்னா நீங்க மட்டும்தான் வந்தீங்க. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் எங்க ஆபீசே நடக்குது.”

புகழ்ச்சியா என்று புரியாமல் அண்ணாச்சி கும்பிட்டார்.

பாண்டித்துரை அப்புறம் ஒரு யோசனை சொன்னார். இந்த இடத்தில் வலை மீனைப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டால் முடிவு எடுத்துவிடலாம். வராந்தாவைச் சுற்றி அதே கொசுவலையைக் கட்டி, நடுவில் கடல்நீர்த் தொட்டி வைத்து, சீல் அடித்து, மீன் வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும். “விஞ்ஞானப்பூர்வமா போயிருவோம்” என்றார்.

மறுவாரமே ஆட்கள் வந்தார்கள். வேலை சுத்தம் என்றால் சுத்தம். நல்ல அலுமினியச் சட்டம், மூலைக்கு மூலை ரப்பர், இழுத்துக் கட்டிய வலையில் ஒரு சுருக்கம் கிடையாது. மகாராஜனே வந்து தடவிப் பார்த்து, “நம்ம ஆளுககூட இப்படிச் செய்ய மாட்டானுவ” என்றார். மைனி அன்று முழுதும் வாசலில் நின்று பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. இனி மெஷினை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று என்னிடம் கேட்டாள்.

சாயங்காலம் பிளாஸ்டிக் தொட்டி வந்தது. கடல்நீர் வரவில்லை. “கடல்வரைக்கும் போய்ட்டு வர நேரமில்ல” என்றாள் இந்துமதி. “நல்ல தண்ணியை ஊத்திரலாம். கடல்நீராகக் கருதலாம்னு விதியில இடம் இருக்கு.” லாரித் தண்ணீரில் மைனி பிடித்து வைத்திருந்த குடங்களைக் கேட்டு வாங்கித் தொட்டியில் ஊற்றினார்கள். பிறகு வலைக்கதவை இழுத்து மூடி அரக்கு சீல் வைத்தார்கள். அதிகாரிகள் அவ்வப்போது உள்ளே பார்ப்பதற்கு வலையில் முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் வெட்டி, ‘கண்காணிப்புத் துளை’ என்று மேலே எழுதிப் போனார்கள்.

“எம் மெஷினு?” என்றாள் மைனி.

மெஷின் உள்ளே இருந்தது.

அண்ணாச்சி மறுநாள் ஆபீசுக்கு ஓடினார். நானும் போனேன், இந்த முறை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அலுவலர் விளக்கினார். சீல் வைத்த கடல்பகுதிக்குள் இருக்கும் பொருள் மூழ்கிய பொருளாகும். மூழ்கிய பொருளைப் பதிவுபெற்ற முக்குளிப்பவர்தான் வெளியே எடுக்கலாம்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அண்ணாச்சி திரேஸ்புரத்துக்குப் போய்ச் சங்கு குளிக்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். அந்த மனுஷன் கண்ணாடியும் குழாயும் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவை வலைக்கு வெளியிலிருந்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்கன முங்கணும்?”

“இங்கனதான்.”

“அண்ணாச்சி, நான் நடந்து போயித் தூக்கிட்டு வந்துருதேன். மூச்சுகூடப் பிடிக்க வேண்டாம்.”

“சீல் இருக்கே. அத ஒடைக்கக் கூடாது. சீல் ஒடைக்காம முங்க முடியுமா?”

சங்கு குளிப்பவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, “ஆழக்கடலு எனக்குப் பயமில்ல அண்ணாச்சி. இது வேற மாதிரி கடலா இருக்கு” என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன்பின் மைனி பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து, வராந்தாவுக்கு வெளியே, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குள் இருக்க மூச்சு முட்டியது. என் வீட்டு மாடிக்கு வரச் சொன்னேன். இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள், “அங்கன இருந்து பாத்தா எம் மெஷினு தெரியுது செல்வராணி. பக்கத்துலயே இருந்துக்கிடுதேன்” என்று இறங்கிப் போய்விட்டாள். கொக்கி, பட்டன், கையால் தைக்கிற வேலைகளைச் செய்தாள். வலை அவள் முதுகுக்குப் பின்னால் காற்றில் விம்மியது. கொசு அவள் காலடியில்.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து வெறித்தது. அப்புறம் தொட்டியில் ஏதோ நெளிவதை மைனிதான் முதலில் பார்த்தாள். நானும் துளை வழியாகப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் குட்டிக் குட்டிப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக் கூத்தாடின. கண்காணிப்புத் துளை வழியாகக் கொசுக்கள் ஆபீஸ் நேரம் பார்க்காமல் வந்து போயின.

சுகாதாரத் துறையினர் தெருவுக்குப் புகை அடிக்க வந்தார்கள். சீலைப் பார்த்ததும் நின்றார்கள். “வேற டிபார்ட்மெண்ட் சீல் வச்ச இடத்துல நாங்க கை வைக்க முடியாதும்மா” என்றார் புகைமெஷின்காரர். வலைக்கு வெளியே எங்கள் எல்லோர் மேலும் தாராளமாகப் புகை அடித்துவிட்டுப் போனார். நாங்கள் இருமினோம். உள்ளே அவை பாட்டுக்கு இருந்தன.

அண்ணாச்சி மறுபடியும் ஆபீசுக்குப் போனபோது நான் பார்த்தது, இவ்வளவு நாளும் நான் பார்த்த எதையும்விட மோசம். அவர் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்.

“சார், தொட்டியில புழு. கொசுப்புழு. அவளுக்கு இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டா சார். தண்ணிய மட்டும் கொட்டிக்கிடட்டுமா?”

அலுவலர் நாற்காலியை விட்டு எழுந்தார். “புழுவா? உயிரோடயா?” அவர் குரலில் சந்தோஷம். “இந்துமதி, பாண்டித்துரை சாருக்குப் போன் போடு. நீர்வாழ் உயிரினம் தென்பட்டிருக்கு!” அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார். “இத்தனை வருஷ சர்வீஸ்ல என் வரைபடத்தைச் சந்தேகப்படாத ஆள் கிடையாது. இன்னைக்கு உங்க வராந்தாவுல கடல் தன்னை நிரூபிச்சிருக்கு. ஒரு சொட்டுக் கொட்டிராதீங்க. அது சாட்சி.”

“அவளுக்கு...”

“உங்க சம்சாரத்தைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க. கடல் பக்கத்துல அவ்வளவு நெருக்கமா உட்காரக் கூடாது.” பட்.

அன்று மகாராஜன் கம்பி வெட்டும் கத்தரியோடு வந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. “நகரும் வேய். வெட்டிக் கொட்டிருதேன். கேட்டா மாடு முட்டிட்டுன்னு சொல்லிக்கிடலாம்.”

அண்ணாச்சி வலைக்கதவின் முன்னால் கையை விரித்து நின்றார். “அரசாங்க சீலு.”

“அவ உம்ம பொண்டாட்டி!”

“நாளைக்கு திருப்பிக் கேட்டுப் பாக்கேன். நாளைக்கு கேட்டா விட்டுருவாவ. அவரும் மனுஷன்தான.” விரித்த கை இறங்கவில்லை. மகாராஜன் கத்தரியைத் தரையில் வீசிவிட்டு, “ஒரு சவத்த ஆளுய்யா நீரு” என்று திட்டிக்கொண்டே போனார். நான் அந்தக் கத்தரியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எனக்கும் தகர அறை ஒன்று இருக்கிறது.

நாளை சனிக்கிழமையாக இருந்தது, அடுத்தது ஞாயிறு. அதற்கு மறுநாள் ஏதோ விடுமுறை. அடுத்த நாள் அலுவலர் மேலிடத்துக்குப் புழுவைக் காட்டச் சென்னைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மைனிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். வரிசையாகக் கட்டில்கள். டெங்குக்காரர்கள் கட்டிலுக்கெல்லாம் மேலிருந்து வெள்ளைக் கொசுவலை இறங்கியிருந்தது. ஒன்றின் உள்ளே மைனி கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஊசி, ஈறில் ரத்தக் கசிவு. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்று நாளை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் ஜெப்ஸி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

அண்ணாச்சி வலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து நிற்கிறாரோ தெரியவில்லை, ஸ்டூல் பக்கத்தில் காலியாகத்தான் இருந்தது.

“இந்தாருங்க” என்றாள் மைனி உள்ளிருந்து. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “கிட்ட வாங்க. வலையத் தூக்கிட்டு வந்து உக்காருங்க.”

அவர் வலையின் ஓரத்தைப் பார்த்தார். மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகியிருந்தது. குனியப் போனவர் நிமிர்ந்து வார்டின் கோடியைப் பார்த்தார். ஜெப்ஸி வேறொரு கட்டிலில் யாருக்கோ ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“நர்ஸம்மா வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.”

“எதுக்குக் கேக்கணும்?”

“இல்லளா... தூக்கலாமோ என்னவோ.”

நான் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தேன்.

மைனி ஊசி குத்தாத கையால் மெத்தையோரம் தடவி, வலையைப் பிடுங்கி, கையை வெளியே நீட்டி அவர் சட்டை நுனியைப் பற்றிக்கொண்டாள்.

அண்ணாச்சி பதறிப்போனார். “ஏளா, கைய உள்ள எடு. யாராவது பாத்துருவாவ” என்றார். வார்டின் கோடியைப் பார்த்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை.